பி.எஸ்.பி.யில் த்ரெட் காத்திருக்கும்போது ஓசை அறுந்து திரை உறைகிறது

கேள்வி (தங்கச்சிமடம்):
வணக்கம். பாம்பன் கால்வாயில் நாட்டுப்படகு ஓட்டும் சிறு விளையாட்டு ஒன்றை சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பி.எஸ்.பி.க்காக சி மொழியில் எழுதி வருகிறேன். நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலைத்தொடர்களான த்ரெட்டுகள் இதில் மூன்று: படம் வரைவதை முதன்மை த்ரெட்டும், எஞ்சின் ஓசையை இரண்டாவது த்ரெட்டும், மெமரி ஸ்டிக்கிலிருந்து படங்களைப் படிப்பதை மூன்றாவது த்ரெட்டும் செய்கின்றன. மூன்றுக்கும் முன்னுரிமை எண் 32. படித்து முடித்ததும் மூன்றாவது த்ரெட் ஒரு மாறியை 1 ஆக்க வேண்டும். அதுவரை முதன்மை த்ரெட் அந்த மாறியைச் சுழற்சியில் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. கணினியில் இதே முறை பிசகின்றி ஓடுகிறது. தவறு எங்கே?

பதில் (மண்டபம்):
தம்பி, நம் பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என முறை வைத்திருப்பதைப் போல, கணினியின் இயங்குதளம் த்ரெட்டுகளுக்கு நேரத்தைப் பங்கிட்டுத் தருகிறது. பி.எஸ்.பி. அப்படிப் பங்கிடுவதில்லை. அதில் த்ரெட்டுகள் ஓடுவது, அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒரே பிராசஸரில்தான். மீடியா எஞ்சின் என்ற இரண்டாவது பிராசஸர் இருந்தாலும் உங்கள் த்ரெட்டுகள் தாமாக அங்கே போவதில்லை. ஒரே முன்னுரிமை உள்ளவற்றில், ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் தானாக உறங்கினாலோ காத்திருந்தாலோதான் அடுத்ததற்கு முறை வரும். உங்கள் சுழற்சி உறங்குவதே இல்லை. ஆகவே படிக்கும் த்ரெட் தொடங்கவே இல்லை, மாறியும் 1 ஆகப்போவதில்லை.

அந்த மாறியை நீக்கிவிட்டு, 0-இல் தொடங்கும் செமஃபோர் (த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று சைகை காட்டப் பயன்படும் எண்ணி) ஒன்றை வையுங்கள். படித்து முடித்த த்ரெட் அதை உயர்த்தட்டும். முதன்மை த்ரெட் அதற்காகக் காத்திருந்தால் திரை அசையாமல் நிற்கும் என்பதால், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒருமுறை காத்திராமல் சோதித்துவிட்டு, வழக்கம்போல் வரைந்து, செங்குத்து ஒத்திசைவுக்காக, அதாவது திரை அடுத்த படத்துக்குத் தயாராகும் வரை, உறங்கட்டும். அந்த இடைவெளியில் படிப்பது நடக்கும்.

பதில் (கீழக்கரை):
ஓசை த்ரெட்டுக்கு 18 கொடுங்கள். எண் சிறிதானால் முன்னுரிமை பெரிது. 44,100 ஹெர்ட்ஸில் 1,024 ஓசை மாதிரிகள் ஏறத்தாழ 23 மில்லி விநாடியில் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த தொகுதி வராவிட்டால் ஓசை அறும். ஓசையை வெளியிடும் ஃபங்ஷன் அழைப்பிலேயே அந்த த்ரெட் பெரும்பாலும் உறங்குவதால், மற்றவற்றுக்கு இடையூறு இல்லை. படிக்கும் த்ரெட்டுக்கு 40 போதும்.

கேட்டவர்:
ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. ஓசை இப்போது அறுவதே இல்லை. ஆனால் புதிதாக ஏற்றிய படகின் பாயில் மட்டும் சிறு சிறு கோடுகளாகப் பழைய படம் தெரிகிறது.

பதில் (மண்டபம்):
அதற்குக் காரணம் கேஷ், அதாவது பிராசஸர் தன்னருகே வைத்திருக்கும் சிறு தற்காலிக நினைவகம். பிராசஸர் எழுதிய பிக்சல்கள் இன்னும் கேஷில் இருக்க, கிராபிக்ஸ் சிப் நேரடியாக நினைவகத்திலிருந்து எடுக்கிறது. படத்தை விரித்து முடித்ததும் டேட்டா கேஷை நினைவகத்துக்கு எழுதவைத்து, அதன் பிறகே செமஃபோரை உயர்த்துங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.