புதிதாக வறுத்த ஒற்றைத் தோட்டக் காப்பி பித்தளை பில்டரில் ஏன் புளிக்கிறது?

மாடவீதிவாசி:
வணக்கம். எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக ஒரே கணக்குதான். பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு தரக் காப்பிக்கொட்டையும் பாதிப் பாதி, நூற்றுக்கு இருபது சிக்கரி. மயிலாப்பூரில் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடையில் அப்பா வாங்கி வருவார். இப்போது அவருக்கு வயது 78. முழங்கால் ஒத்துழைக்காததால் காப்பி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

சென்ற வாரம் சென்னையில் புதிதாக முளைத்திருக்கும் சிறிய வறுவல் கூடம் ஒன்றில் கால் கிலோ பொடி வாங்கினேன். தோட்டத்தின் பெயர், அதன் உயரம், வறுத்த தேதி எல்லாம் பையில் அச்சிட்டிருந்தது. ஆரஞ்சு, தேன் என்று சுவைக்குறிப்பும் உண்டு. வழக்கமான பொடியைவிட விலை மூன்று மடங்கு.

வீட்டில் பித்தளை பில்டரில் போட்டேன். அரை மணிக்கு மேல் சொட்ட வேண்டிய டிக்காஷன் ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டது. தேநீர் நிறம். பால் விட்டதும் புளித்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை டபராவிலேயே வைத்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் காப்பியை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை. நான் வாங்கியதில் தவறா, போட்டதில் தவறா?

நங்கநல்லூர் வாசகர்:
அம்மா, பழைய கடைக்கே போங்கள். அங்கேயும் கொட்டையை அன்றன்றைக்குத்தான் வறுக்கிறார்கள். பாலில் கலக்கும் காப்பிக்குச் சிக்கரி இல்லாவிட்டால் கெட்டித்தன்மை வராது. மூன்று மடங்கு விலை கொடுத்துப் பெரியவரை வருத்த வேண்டுமா?

சேர்வராயன்:
சகோதரி, தவறு இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் சரிசெய்துவிடலாம். ஏற்காட்டில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து காப்பிச் செடிகள் உண்டு. நான் வேளச்சேரியில் வீட்டிலேயே சின்ன இயந்திரத்தில் வறுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் வாங்கியது இளவறுவலாக, அதாவது குறைவாக வறுத்ததாக, இருக்க வேண்டும். கொட்டையின் சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோல் சடசடவென்று முதல் வெடிப்பு கேட்கும். அது ஓய்ந்த கையோடு இறக்கினால் பழப்புளிப்பு தங்கிவிடும். பால் கலக்காமல் குடிப்பவர்களுக்கு அதுதான் அருமை. நமக்கு இன்னும் சில நிமிடம் போக வேண்டும். இரண்டாவது வெடிப்பு தொடங்கும் தறுவாயில் இறக்கினால் புளிப்பு அடங்கி, பாலைத் தாங்கும் கசப்பு வந்துவிடும். அதே தோட்டத்துக் கொட்டையை அப்படி வறுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல கூடமாக இருந்தால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அடுத்தது அரைப்பு. டிக்காஷன் ஐந்து நிமிடத்தில் இறங்கியது என்றால் பொடி கொரகொரப்பு. காகித வடிகட்டிக்கு அரைத்ததைக் கொடுத்திருப்பார்கள். சிக்கரி தண்ணீரை உறிஞ்சி ஊறி, அது இறங்கும் வேகத்தைக் குறைக்கும். அது இல்லாதபோது அந்த வேலையைப் பொடியின் நைசுதான் செய்ய வேண்டும். ‘தென்னிந்திய பில்டருக்கு’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். பொடியை பில்டரோடு வரும் குடைத்தட்டால் லேசாக அழுத்தி, தளதளவென்று கொதிக்கும் நீரைக் கொஞ்சமாக ஊற்றி, பொடி உப்பி அடங்கிய பிறகு மீதியை ஊற்றுங்கள்.

நங்கநல்லூர் ஐயா சொன்ன பழைய கடையை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிளாண்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் ஒரு தரப்பெயர்; 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் பெரிய கொட்டை. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை. இரண்டுமே உருவத்தைச் சொல்கின்றன. எந்த மலை, எந்த வருடத்து அறுவடை என்பதைச் சொல்வதில்லை. எங்கள் ஊரில் டிசம்பர் குளிரில் பழுத்ததை மட்டும் பார்த்து, விரல் மரத்துப்போகப் பறிப்பவர்களின் உழைப்பு, பத்துத் தோட்டத்துக் கொட்டையோடு ஒரே சாக்கில் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? தோட்டத்தின் பெயரைப் பையில் போட்டு, அதற்கேற்ற விலையும் கொடுக்கிறார்கள் என்பதற்காகவே இந்தச் சிறு கூடங்கள் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையோ, வால்பாறையோ, தாண்டிக்குடியோ, எந்த மலைக் காப்பியானாலும் ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வறுத்து ஒரு வாரம் ஆன கொட்டையாகப் பாருங்கள். முதல் ஓரிரு நாள் உள்ளே வாயு அதிகம்; டிக்காஷன் சீராக இறங்காது.

மாடவீதிவாசி:
சேர்வராயன் ஐயாவுக்கு நன்றி. நேற்று அதே கூடத்துக்குப் போய் நீங்கள் சொன்னபடி கேட்டேன். ஒன்பது நாளுக்கு முன் வறுத்த ஏற்காட்டுக் கொட்டை, கருவறுவல், இருந்தது. என் முன்னாலேயே நைசாக அரைத்துக் கொடுத்தார்கள். இன்று காலை ஆறு மணிக்கு ஊற்றினேன்; முப்பத்தைந்து நிமிடம் சொட்டியது. கீழ்ப்பாத்திரத்தைச் சாய்த்தால் விளிம்பில் பழுப்பாக ஒட்டி இறங்குகிறது.

அப்பா முழு டம்ளரையும் குடித்தார். “சிக்கரி எவ்வளவு?” என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை, பையை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

இனி முழுக் கொட்டையாக வாங்கிக் கையால் அரைக்கலாம் என்று நினைக்கிறேன். பில்டருக்கு வேண்டிய நைசில் அரைக்கும் கைமெஷின் எது?