ரஷ்யப் போர் நாவல்: பெயரும் தேதியும் குழப்புகின்றன

கேள்வி: 1812 நெப்போலியன் படையெடுப்பு பற்றிய ரஷ்ய நாவல் ஒன்றைத் தமிழில் படிக்கிறேன். யார் யாரென்றே பிடிபடவில்லை. தேதிகளும் வரலாற்று நூலோடு ஒத்துவரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: ரஷ்யப் பெயரில் மூன்று பகுதி: சொந்தப் பெயர், தந்தை வழிப் பெயர், குடும்பப் பெயர். நிக்கலாயின் மகன் நிக்கலாயெவிச், மகள் நிக்கலாயெவ்னா. முதல் இரண்டையும் சேர்த்து அழைத்தால் மரியாதை. நெருங்கியவர்களுக்கு நிக்கலாய் 'கோல்யா', மரியா 'மாஷா'. சாஷா ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு தாளில் குடும்பவாரியாக எழுதி, செல்லப்பெயரைப் பக்கத்தில் குறியுங்கள். அகரவரிசைப் பட்டியல் உதவாது, உறவு தெரியாது.

பதில் 2: தேதிக்கு 12 நாள் கூட்டுங்கள். ரஷ்யாவில் அப்போது ஜூலியன் நாட்காட்டி, அதாவது இன்றைய நாட்காட்டிக்குப் பின்தங்கிய பழைய நாட்காட்டி. மாஸ்கோவுக்கு மேற்கே நடந்த பரதினோ சண்டை ரஷ்யர்களுக்கு ஆகஸ்ட் 26, பிரெஞ்சுக்காரர்களுக்குச் செப்டம்பர் 7. சில மொழிபெயர்ப்பாளர்கள் மாற்றியே தருவார்கள், முன்னுரையைப் பாருங்கள்.

பதில் 3: வரைபடமும் வேண்டும். மேற்கிலிருந்து நேமன் ஆறு, ஸ்மலேன்ஸ்க், பரதினோ, மாஸ்கோ: நான்கு புள்ளி போதும். 'வெர்ஸ்ட்' என்றால் 1.07 கிலோமீட்டர். ரஷ்யப் படையின் பின்வாங்கலைக் கோழைத்தனம் என்று படித்துவிடாதீர்கள். எதிரியின் உணவு, தீவனப் பாதை அதனால்தான் நீண்டு நொறுங்கியது.