தினமும் தூசி, ஞாயிறு மட்டும் கழுவல்: இடையில் காரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி. வீடு மதுரை ஒத்தக்கடையில், வேலை திருமங்கலத்தில். ரிங் ரோட்டில்தான் தினமும் போய் வருகிறேன், லாரிகள் கிளப்பும் தூசியில் சாயங்காலத்துக்குள் கறுப்புக் கார் சாம்பல் நிறமாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் முழுசாகக் கழுவ நேரம், மற்ற நாட்களில் காலையில் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது.

காய்ந்த தூசியைத் துணியால் தேய்த்தால் மணல் துகள் பெயின்டைக் கீறிவிடும் என்பதால் கண்ணாடிகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புகிறேன். மரத்தடியில் நிறுத்துவதால் காக்கை எச்சம் வேறு. வெயிலில் காயவிட்டால் பெயின்டை அரித்துவிடும், அதனால் ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே போட்டு ஊறவிட்டு எடுத்துவிடுகிறேன், அது சரியாக வருகிறது. போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டுத் துடைக்காமல் விட்டால் வெள்ளைத் திட்டு.

தண்ணீர் இல்லாமல் துடைக்கும் ஸ்ப்ரேயும் மைக்ரோஃபைபர் துணியும் இவ்வளவு தூசிக்குத் தாங்குமா, இல்லை முதலில் கைப்பம்பு ஸ்ப்ரேயரில் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிவிட்டுத்தான் துணியை வைக்க வேண்டுமா? கவர் போடவும் யோசனைதான், தூசியோடு போட்டால் அதுவும் உரசும். இந்த ரோட்டில் கறுப்புக் கார் ஓட்டுபவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.