கொடியை எரிச்சவனை மறியலுக்குள்ள போடலாமோ?

மல்லாவிப் பெடியன்
2025 ஓகஸ்ட் 25 அண்டு ட்ரம்ப் ஒரு நிறைவேற்று ஆணையில கையெழுத்து வைச்சவர். அமெரிக்கக் கொடியை அவமதிக்கிற ஆக்கள் வேற ஏதும் சட்டத்தை மீறினதா எண்டு பாத்து, மீறினவைக்கு வழக்குப் போடச் சொல்லி. அண்டைக்கே வெள்ளை மாளிகைக்கு முன்னால இருக்கிற பூங்காவில ஒருத்தர் கொடியை எரிச்சுப் பிடிபட்டார். ஆர் எண்டு பாத்தால், இருபது வருசம் ராணுவத்தில இருந்த ஆள். அவருக்கு வந்த வழக்கு கொடிக்காக இல்லை, பூங்காவில நெருப்பு மூட்டினதுக்கு.

ஏன் அப்பிடிச் சுத்தி வளைச்சவை? 1984இல டலஸ் நகரில குடியரசுக் கட்சி மாநாடு நடக்கேக்க ஜோன்சன் எண்டவர் கொடி எரிச்சார். டெக்சாஸ் மாநிலம் ஒரு வருச மறியலும் 2000 டொலர் தண்டமும் போட்டது. 1989இல உச்ச நீதிமன்றம் 5க்கு 4 எண்டு அந்தத் தண்டனை செல்லாது எண்டு சொன்னது. கொடி எரிப்பும் ஒரு கருத்துத்தான், பிடிக்காத கருத்து எண்டதுக்காக அரசு தண்டிக்கேலாது எண்டு. காங்கிரஸ் விடாமல் புதுச் சட்டம் கொண்டு வந்தது. 1990இல அதுவும் 5க்கு 4இல போச்சு.

அந்த ஐஞ்சு நீதிபதிமார் செய்ததுதான் சரி எண்டுறது என்ர கட்சி. மற்றப் பக்கம் இருக்கிற ஆக்கள் வாங்கோ.

முள்ளியவளை ரீச்சர்
நான் மற்றப் பக்கம்தான். சட்டம் வடிவாச் சொல்லுறீர் தம்பி. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடி வவுனியாவில ஏ9 ஓரம் கொட்டில் போட்டு 2017 மாசி தொடக்கம் இருக்கிற தாய்மாரைப் பாத்திருப்பீர். மடியில பிள்ளையின்ர படம், கையில அமெரிக்கக் கொடி. ஐரோப்பிய ஒன்றியக் கொடியும் பிடிக்கிறவை. எங்களுக்கு ஆராவது வந்து பதில் சொல்லுங்கோ எண்டு கேக்கிற வழி அது. அந்தத் துணியை ஒருத்தன் பெற்றோல் ஊத்தி எரிக்கிறதும் கருத்து எண்டால், அந்த அம்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கு என்ன மரியாதை? பெட்டியில பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கி, மேல மூடின கொடியை மடிச்சுக் கையில வாங்கின தாய்மார் அங்கயும் இருக்கினம்.

ஸ்கார்பரோக்காரன்
ரீச்சர், உணர்ச்சியை விடுங்கோ. இலங்கையின்ர சிங்கக் கொடியை எரிச்சால் உங்களுக்கு நோகுமோ? 1957 மாசி 4, சுதந்திர தினத்தண்டு திருகோணமலையில நடராஜன் கறுப்புக் கொடி ஏத்தப் போய்ச் சூடு வாங்கிச் செத்தவர். எரிக்கக்கூட இல்லை, ஏத்தத்தான் போனவர். எரிக்கிற உரிமை எங்களுக்கு எப்பவோ சேரவேண்டியது. இஞ்ச கனடாவில கொடி எரிப்பைத் தடுக்கச் சட்டமே இல்லை. நாடு ஒண்டும் கவிழேல்லை.

முள்ளியவளை ரீச்சர்
எரியுங்கோ. நீங்கள் அங்க ரொறன்ரோவில எரிச்சுப்போட்டு வீட்டை போய்ச் சாப்பிடுவியள். அடுத்த நாள் சிஐடி வந்து விசாரிக்கிறது முள்ளியவளையில இருக்கிற உங்கட மச்சானை. இந்தக் கணக்கை ஒருக்காவாவது போட்டுப் பாத்தனீங்களோ?

வவுனியாச் சட்டம்
இரண்டு பேரும் இலங்கைச் சட்டத்தை விட்டுட்டியள். அரசியலமைப்பின்ர 6ஆம் உறுப்புரை தேசியக் கொடியைச் சொல்லுது. 14(1)(அ) பேச்சுச் சுதந்திரத்தைத் தருது. 15ஆம் உறுப்புரை அதை எதுக்காகக் கட்டுப்படுத்தலாம் எண்டு பட்டியல் போடுது: இன, மத இணக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுறது, மேல தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு. கொடியின்ர மரியாதை எண்டு அதில தனியா ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எங்கட இடத்தில “தேசிய பாதுகாப்பு” எண்ட ஒரு கதவால எல்லாம் உள்ளுக்க வந்திடும்.

எரிக்கவே தேவையில்லை. 2017 கார்த்திகையில வவுனியாவில ஒரு சிங்களப் பாடசாலை விழாவில அப்போதைய வட மாகாண கல்வி அமைச்சர் சர்வேஸ்வரன் தேசியக் கொடியை ஏத்த மாட்டன் எண்டு விலகி நிண்டார். தொட்டதும் இல்லை, கிழிச்சதும் இல்லை. தெற்கில எவ்வளவு கொதிச்சவை எண்டு ஞாபகம் இருக்கோ? அமெரிக்காவில 1943இலயே பள்ளிப் பிள்ளையளைக் கொடிக்கு வணக்கம் வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தேலாது எண்டு தீர்ப்பு வந்திட்டுது. அதுவும் உலக யுத்தம் நடுவில நிக்கேக்க.

ஐநா மனித உரிமைக் குழுவும் 2011இல வெளியிட்ட 34ஆம் பொதுக் கருத்துரையில கொடி, சின்னங்களை அவமதிக்கிறதைக் குற்றமாக்கிற சட்டங்கள் கவலை தருது எண்டு எழுதியிருக்கு. இந்தியாவில 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மூண்டு வருசம் வரைக்கும் உள்ள போகலாம். ஜெர்மனியிலயும் மூண்டு வருசம் வரை. ஆகவே “ஜனநாயக நாடுகள் எல்லாம் விடுது” எண்டு ஆரும் இஞ்ச வந்து கதைவிடவேண்டாம்.

ஸ்கார்பரோக்காரன்
சரி, சட்டத்தை விடுவம். சண்டை பிடிச்ச ஆக்களைக் கேளுங்கோ. எந்த நாட்டிலயும் முன்னாள் ராணுவக்காரன் கொடி எரிப்பை எதிர்ப்பான். அதாலதான் அரசாங்கங்கள் அவையை முன்னுக்கு விட்டுட்டுப் பின்னால நிக்கிறது.

மல்லாவிப் பெடியன்
அதுதான் பிழை அண்ணை. அமெரிக்கன் லீஜன் எண்ட முன்னாள் படையினர் சங்கம் தடை வேணும் எண்டு கனகாலமா நிக்குது, உண்மை. 2006இல அரசியலமைப்பையே திருத்தி எரிப்பைத் தடுக்க செனற்றில வாக்கெடுத்தவை. 66க்கு 34. 67 வேணும், ஒரு வாக்கால விழுந்தது. வியற்நாமில கைதியா இருந்து சித்திரவதைப்பட்ட மக்கெய்ன் திருத்தத்துக்கு ஆதரவு. 1945இல இத்தாலியில வலது கையைப் பறிகுடுத்த டானியல் இனூயே எதிர்ப்பு. அந்த ஒத்தைக் கை மனுசன் மற்றப் பக்கம் போயிருந்தால் செனற்றில நிறைவேறியிருக்கும். தளபதியா இருந்த கொலின் பவலும் 1999இலயே திருத்தம் வேண்டாம் எண்டு கடிதம் எழுதினவர்.

நீதிபதிமாரும் அப்பிடித்தான். 1989 தீர்ப்பை எழுதின பிரெனனும் ராணுவத்தில இருந்தவர், எதிர்த்து எழுதின ஸ்டீவன்சும் கடற்படையில இருந்தவர்.

இன்னொரு விசேசம்: பழுதாப் போன கொடியை மரியாதையா அழிக்க எரிக்கிறதுதான் நல்லம் எண்டு அவையின்ர கொடிச் சட்டமே சொல்லுது. லீஜன்காரர் அதுக்கு விழாவே வைக்கினம். அப்ப நெருப்பில குற்றம் இல்லை. எரிக்கிறவன்ர மனசுக்குள்ள என்ன இருக்கு எண்டதைத்தான் தண்டிக்கப் பாக்கினம்.

குளக்கட்டு
கனநேரமா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். முன்னாள் ராணுவக்காரன், முன்னாள் வீரன் எண்டு கதைக்கிறியள். புலிகள் இயக்கத்தில நானும் ஒரு கொடிக்குக் கீழ நிண்டவன். புனர்வாழ்வு முடிச்சு வந்து இப்ப தோட்டம் செய்யிறன். எங்களை ஒருத்தரும் இதுகள் கேக்கிறேல்லை, எங்கட பேரில மட்டும் எல்லாரும் கதைக்கினம்.

பின்னேரம் கொடி இறக்கேக்க நிலத்தில முட்டவிடாமல் இரண்டு பேர் நிண்டு மடிப்பம். மூலைக்கு மூலை சரியா வராட்டி விரிச்சுத் திரும்ப மடிக்கவேணும். மழை எண்டாலும் அப்பிடித்தான். அது செய்த கைக்கு எரிக்கிறது லேசில வராது. ஆற்ற கொடி எண்டாலும்.

புதுக்குடியிருப்பால போகேக்க தண்ணிக்கு நடுவில ஒரு வெற்றிச் சிலை நிக்குது, ஒரு கையில துவக்கு, மற்றக் கையில சிங்கக் கொடி. பஸ் பஸ்ஸாத் தெற்கில இருந்து வந்து படம் எடுக்கினம். நான் அதால போய்த்தான் மீன் வாங்கிறன். அதைப் பாத்து எனக்கு வாறது என்ன எண்டு ஸ்கார்பரோவில இருந்து எழுதத் தேவையில்லை. ஆனால் அதில கொடி பிடிக்கிற ஆமிக்காரனும் ஏதோ ஒரு ஊர்த் தாய் பெத்த பிள்ளை எண்டும் எனக்குத் தெரியும்.

எங்கட மாவீரரைப் புதைச்ச துயிலுமில்லங்களை புல்டோசர் போட்டு இடிச்சவை. சில இடத்தில மேல முகாமும் அடிச்சவை. அது எந்தச் சட்டத்தில அவமதிப்பு எண்டு வவுனியாச் சட்டம் தம்பி ஒருக்காச் சொல்லட்டும்.

வவுனியாச் சட்டம்
எந்தச் சட்டத்தைச் சொல்லி என்ன அண்ணை. செத்தவனை அவமதிக்கிறது அரசு செய்தால் அபிவிருத்தி.

முள்ளியவளை ரீச்சர்
இப்ப எல்லாரையும் ஒரு கேள்வி கேக்கிறன். முக்கியமா மல்லாவித் தம்பியை. கார்த்திகை 27, மாவீரர் நாள், புலிகளின்ர சிவப்பு மஞ்சள் கொடி கட்டியிருக்கு, சனம் விளக்கோட நிக்குது. ஒரு தாய் வந்து, “என்ர பிள்ளையை 2008இல படிக்கிற வயசில கட்டாயமாப் பிடிச்சுக்கொண்டு போனவை, பிறகு அவன் திரும்பி வரேல்லை” எண்டு சொல்லி, அந்தச் சிவப்பு மஞ்சளில நெருப்பு வைக்கிறா. விடுவியளோ?

ஸ்கார்பரோக்காரன்
இதெல்லாம் திசைதிருப்பிற கேள்வி. அப்பிடிச் செய்யிறவை ஆற்ற ஏவல் எண்டு தெரியும்தானே.

மல்லாவிப் பெடியன்
அப்ப உங்கட உரிமை சிங்கக் கொடியோட முடியுது அண்ணை. ட்ரம்ப்பும் அதைத்தான் சொல்லுறார், கொடிதான் வேற.

ரீச்சர், விடவேணும். நெஞ்சு வெடிச்சாலும் விடவேணும். அந்த அம்மாவின்ர கதையை வேற எங்க சொல்லச் சொல்லுறியள்?

முள்ளியவளை ரீச்சர்
நான் விடமாட்டன். அவவைப் பிடிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி குடுத்துக் கதை கேப்பன். செத்தவீட்டில வைச்சு அந்தக் கதை கதைக்கக்கூடாது. பொலிசுக்குச் சொல்லமாட்டன், அது வேற.

குளக்கட்டு
ரீச்சர் கேட்டது நடக்கக்கூடிய விசயம். அப்பிடித் தாய்மார் இருக்கினம், எனக்கு இரண்டு பேரைத் தெரியும். அவை வந்து எரிச்சால் நான் தள்ளி நிப்பன். ஒரு பெடியன் விளையாட்டுக்கு, வீடியோ எடுக்க வந்து எரிச்சால் அடிப்பன். அடிச்சால் பொலிஸ் என்னைப் பிடிக்கவேணும், அவனை இல்லை. நான் அடிச்சதுக்கு நான் பதில் சொல்லுவன்.

முள்ளியவளை ரீச்சர்
உங்களையும் பிடிப்பாங்கள், அவனையும் பிடிப்பாங்கள், விளக்கேத்தின சனத்தின்ர பேரையும் எழுதிக்கொண்டு போவாங்கள். நீங்கள் அமெரிக்காவில இல்லை அண்ணை.