எவரெஸ்ட் அடிவாரத்தில் பிற்பகல் மூட்டம்: உயரத்தில் காற்று தூய்மையாக இருக்க வேண்டாமா?

மலைநடையன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் இறுதியில் நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கில் லொபுசே வரை நடந்து சென்றிருந்தேன். அதிகாலையில் நுப்ட்சே மலையின் பனிமடிப்புகள் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தன. ஆனால் மதியம் கடந்ததும் பள்ளத்தாக்கின் கீழ்ப்புறமாகிய தெற்கிலிருந்து பழுப்பேறிய மூட்டம் ஒன்று மெல்ல ஏறிவந்து தூரத்து முகடுகளை மறைத்துவிட்டது. ஈரமே இல்லாத அதை மேகம் என்று சொல்ல மனம் வரவில்லை. விடுதி அடுப்புகளில் எரியும் யாக் சாண வறட்டியின் புகைதான் என்றார் உடன் வந்தவர். உயரம் கூடக்கூடக் காற்றில் மிதக்கும் துகள்கள் குறையும் என்றே நான் படித்திருக்கிறேன். அப்படியானால் 5,000 மீட்டரை நெருங்கும் இடத்திற்கு இவ்வளவு மாசு எங்கிருந்து வருகிறது?

வளிமண்டலப் பித்தன்

நீங்கள் படித்தது திறந்த வெளியில் பலூன் விட்டு அளந்தால் பெரும்பாலும் பொருந்தும். மலைச்சரிவில் கதை வேறு. வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகி, அவற்றை ஒட்டிய காற்று மேல்நோக்கி ஊர்கிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கீழ்ப்பள்ளத்தாக்கின் காற்று தன்னிடமுள்ள புகையையும் தூசியையும் சுமந்துகொண்டு மேலே வருகிறது. இரவில் சரிவுகள் குளிர்ந்ததும் ஓட்டம் திரும்பி, உயர்வளியின் (தரையின் தாக்கம் எட்டாத மேல் அடுக்கின்) தூய காற்று இறங்குகிறது. நீங்கள் கண்ட காலைத் தெளிவுக்கும் பிற்பகல் மூட்டத்திற்கும் இதுவே காரணம்.

லொபுசேக்கு அருகில் 5,079 மீட்டர் உயரத்தில் இத்தாலிய ஆய்வாளர்கள் நிறுவிய 'பிரமிட்' ஆய்வகத்தில் 2006-இல் துகள் அளவீடு தொடங்கியது. வறட்டிப் புகைதான் முதன்மைக் காரணம் என்றால் அடுப்பு எரியும் மாலையிலும் விடியலிலும் அளவு உச்சம் தொட்டிருக்க வேண்டும். அங்கே உச்சம் தென்பட்டதோ, பள்ளத்தாக்குக் காற்று வலுக்கும் பிற்பகலில். விடுதிப் புகை அறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு பள்ளத்தாக்கையே நிறைக்கப் போதாது.

பருவமும் உங்களுக்கு எதிராக அமைந்துவிட்டது. கோடையில் கங்கைச் சமவெளியின் சூடான தரைக்காற்று சில கிலோமீட்டர் உயரம் வரை கலக்கிறது. நேபாளத்தில் காட்டுத்தீ மிகுவதும், தார் பாலைவனத் தூசி கிழக்கே நகர்வதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். பிரமிட் ஆய்வகப் பதிவில் புகைக்கரியின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கும் கீழே இருக்க, பருவமழைக்கு முந்தைய மாதங்களில் அது சுமார் இரு மடங்காகிறது. மழை தொடங்கியதும் துகள்கள் கழுவப்பட்டு அளவு சரிகிறது. நவம்பரிலோ சமவெளி புகைமூட்டத்தில் மூச்சுத் திணறினாலும், குளிர்ந்த தரைக்காற்று சில நூறு மீட்டருக்கு மேல் எழும்பாததால் மலை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

நுண்துகள்

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆயினும் 'துகள் அளவு' என்று பொதுவாகச் சொல்லும்போது நிறையையா, எண்ணிக்கையையா என்று பிரித்துச் சொல்வது நல்லது. பிற்பகல் காற்று துகள்களை மட்டும் கொண்டு வருவதில்லை. கந்தக அமிலமாக மாறும் கந்தக டைஆக்சைடு, மரங்கள் வெளியிடும் கரிம ஆவிகள் போன்றவற்றையும் ஏற்றி வருகிறது. உயரத்தின் குளிரிலும் கடும் வெயிலிலும் இவை ஒன்றுகூடி, ஓரிரு நானோமீட்டர் அளவுள்ள புத்தம்புதிய துகள்களாக அங்கேயே உருவாகின்றன. பிரமிட் ஆய்வகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நாட்களில் இவ்வாறு நிகழ்ந்ததாகப் பதிவுகள் உண்டு. அந்நேரங்களில் எண்ணிக்கை மளமளவென்று உயர்ந்தாலும் நிறை அசையாது; கண்ணுக்கும் எதுவும் புலப்படாது. நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் பழைய புகைக்கும் தூசிக்கும் உரியது.

இன்னொன்று: அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும். ஆகவே ஒரு கன மீட்டர் என்னும்போது அது அவ்விடத்துக் காற்றா, கடல்மட்ட நிலைக்கு மாற்றிக் கணக்கிட்டதா என்று பாராமல் டெல்லியின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது. செய்திகளில் இதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

மலைநடையன்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் எல்லா உயர்மலைகளிலும் வசந்தத்தில்தான் மாசு உச்சம் அடையுமா?

வளிமண்டலப் பித்தன்

இல்லை. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் நிலையம் சுமார் 3,580 மீட்டரில் உள்ளது. அங்கே பருவமழை என்று கழுவிவிட ஒன்றும் இல்லாததால், வெப்ப எழுச்சி வலுக்கும் கோடையில்தான் துகள்கள் மிகுகின்றன. குளிர்காலத்தில் நிலையம் பெரும்பாலும் கீழ்க்காற்றின் எல்லைக்கு மேலே தனித்து நிற்கிறது. இடையிடையே சகாராத் தூசியும் வந்து சேர்கிறது.

ஹவாயின் மௌனா லோவா நிலையம் 3,397 மீட்டரில் உள்ளது. சரிவுக்காற்று அங்கும் பகலில் ஏறி இரவில் இறங்குவதால், உள்ளூர் மாசு கலவாத பின்புலக் காற்றை அறிய விரும்புவோர் இரவு அளவீடுகளையே நம்புகிறார்கள். ஆனால் வசந்தத்தில் ஆசியப் பாலைவனத் தூசி பசிபிக் கடலைத் தாண்டி உயர்வளி வழியாகவே அங்கு வந்துவிடுகிறது. அதைக் கொண்டுவருவது இறங்கும் காற்றே என்பதால், அந்த நாட்களில் இரவு அளவீடும் தூய்மையாக இருப்பதில்லை.