கிராஞ்சி போர் நினைவிடம் போனவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

சிங்கப்பூர்ல இத்தன வருஷம் இருந்தும் கிராஞ்சி ஸ்டேஷன ரயில்ல தாண்டிப் போனதோட சரி, போன மாசம்தான் அந்த மேட்டுக்கு ஏறிப் பாத்தேன். டிக்கெட்லாம் கிடையாது. சரிவு பூரா வெள்ள வெளேர்னு கல்லு, ரெண்டாம் உலகப் போர்ல செத்தவங்களோட கல்லறை 4,400க்கு மேல, ஆபீசரோ சிப்பாயோ எல்லாருக்கும் ஒரே அளவுதான். ரேங்க், பேரு, தேதி, வயசு, கீழ வீட்டாளுங்க எழுதச் சொன்ன ஒரு வரி. 21, 22 வயசுன்னு வரிசையா படிச்சிட்டே போனா ஒரு கட்டத்துக்கு மேல முடியல. 850 பேருக்கு மேல யாருன்னே தெரியாம அடக்கம் பண்ணிருக்காங்க, அவங்க கல்லுல பேரே இல்ல.

மேல 1957ல தெறந்த நினைவு மண்டபம். கூரைய விமானத்தோட இறக்கை மாதிரி கட்டிருக்காங்க, தூண் சுவர்ல 24,000 பேருக்கு மேல பேரு வெட்டிருக்கு, எல்லாம் கல்லறைன்னு ஒண்ணு இல்லாதவங்க. அதுல இந்தியப் படைக்காரங்க எவ்ளோ பேருன்னு நின்னு பாருங்க, தயவுசெஞ்சு செல்ஃபி எடுத்துட்டு எறங்கிடாதீங்க.

•

சகோ, மண்டபத்துக்குப் பின்னாடி போனீங்களா? தகனம் பண்ணவங்களுக்குன்னு தனி நினைவுச் சின்னம் இருக்கு, 800 பேருகிட்ட, முக்காவாசி இந்தியப் படை ஆளுங்க. எங்க கூட வந்தவங்க யாருமே அதுவரைக்கும் வரல. அப்புறம் கிழக்குப் பக்கம் இன்னொண்ணு, 1942 பிப்ரவரில சிங்கப்பூர் ஜப்பான்காரங்ககிட்ட விழுற நேரத்துல ஆஸ்பத்திரில செத்தவங்கள தனித்தனியா பொதைக்க வழியில்லாம ஒரே குழில போட்டாங்க, படைவீரங்க பொதுமக்கள்னு 400 பேருக்கு மேல. எனக்கு அங்கதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

•

எங்க தாத்தாவோட அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸ்ல, அதாவது அப்போ இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படையோட பொறியாளர் பிரிவுல இருந்தவரு, வேலூர் பக்கம் கிராமம். மலாயாவுக்கு கப்பல் ஏறினாரு, திரும்பி வரல, வீட்ல ஒரு போட்டோ கூட கிடையாது, திதி கூட எந்த நாள்னு தெரியாம ஆடி அமாவாசைக்குத்தான் குடுப்பாங்க. நான் இங்க வேலைக்கு வந்தப்புறம் அப்பா சொல்லி தேடிப் போனேன். பேரு தூண்ல கொஞ்சம் ஒசரத்துல இருந்துச்சு, எட்டிக் கைய வச்சேன், எழுத்து பள்ளத்துல தூசி கூட இல்ல, அவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்க. வீடியோ கால்ல அப்பாவுக்கு காட்டினா அவரு செருப்ப கழட்டிட்டு எழுந்து நின்னுட்டாரு. எங்க சனத்துல ஒருத்தர் பேரு இவ்ளோ தூரத்துல கல்லுல இருக்குன்னு இத்தன வருஷமா ஒருத்தருக்கும் தெரியாது!

•

அண்ணா, எப்படி கண்டுபுடிச்சீங்க? எங்க ஊர்லயும் இதே மாதிரி ஒரு குடும்பம் இருக்கு.

•

இந்த நினைவிடத்தப் பாத்துக்குற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல தேடலாம் தம்பி, காசு கிடையாது. பேரு, படைப்பிரிவு போட்டா எத்தனாவது தூண்னு வரும். நம்ம பேர இங்கிலீஷ்ல கண்டபடி எழுதிருப்பாங்க, அதனால நாலஞ்சு ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி போட்டுப் பாருங்க. சிலருக்கு அப்பா பேரு, ஊரு, ஜில்லா கூட போட்டிருக்கும், ஜில்லா பழைய பேருல, வட ஆற்காடுன்னு இருக்கும். அந்தக் குடும்பத்துல பென்ஷன் பேப்பர் ஏதாச்சும் இருந்தா சர்வீஸ் நம்பர் கேட்டு வாங்குங்க, அது கெடைச்சா வேலை சுலபம்.