விமானி ஆக ஏர் நேஷனல் கார்டு யூனிட்டுக்கு விண்ணப்பிப்பதா, நேராக அமெரிக்க ஏர் ஃபோர்ஸுக்கே போவதா?

கரிசல் காகம்:
வணக்கம். எனக்கு 27 வயது. பிறந்தது கோவில்பட்டி, வளர்ந்தது ஒஹாயோ. அமெரிக்கக் குடியுரிமை உண்டு. மென்பொருள் வேலை. வார இறுதிகளில் செஸ்னா ஓட்டி பிரைவேட் பைலட் லைசன்ஸ் வாங்கிவிட்டேன், இதுவரை 74 மணி நேரம். இப்போது ராணுவ விமானி ஆக வேண்டும் என்று மண்டைக்குள் ஒரு வண்டு குடைகிறது.

இரண்டு வழி தெரிகிறது. ஒன்று ஆக்டிவ் டியூட்டி, அதாவது முழு நேர ஏர் ஃபோர்ஸ். ரெக்ரூட்டரிடம் போக வேண்டும். தேர்வானால் அவர்கள் கொடுக்கும் விமானம், அவர்கள் சொல்லும் ஊர். இன்னொன்று பகுதி நேரப் படைகள்: மாநிலங்களின் ஏர் நேஷனல் கார்டு (சுருக்கமாக கார்டு) அல்லது ஏர் ஃபோர்ஸ் ரிசர்வ். அங்கே ஒவ்வொரு யூனிட்டும் தனக்கு வேண்டிய ஆளைத் தானே நேர்காணல் வைத்து எடுக்கிறது. வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு டேங்கர் யூனிட், அதாவது மற்ற விமானங்களுக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் யூனிட், இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றதும் நண்பர்கள் "பார்ட் டைம் பட்டாளமா?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தானா இது?

பழைய டேங்கர்:
சிரிப்பவர்களைக் கொஞ்சம் உட்காரச் சொல் தம்பி. நான் கார்டில் 22 வருடம் கேசி-135 டேங்கர் ஓட்டியவன்.

கார்டுக்கென்று தனியாக ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளி கிடையாது. உன்னைப் போல் பட்டம் முடித்து வருகிறவர்கள் எல்லோருக்கும் அதிகாரிப் பயிற்சி அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்தில்தான். விமானப் பயிற்சி வான்ஸ், கொலம்பஸ், லாஃப்லின் போன்ற தளங்களில். அதே டி-6 பயிற்சி விமானம், அதே பயிற்றுநர், கடைசியில் சட்டையில் குத்துவதும் விமானிக்கான அதே சிறகுச் சின்னம்தான். வித்தியாசம் ஒன்று உண்டு. யாருக்கு எந்த விமானம் என்று அறிவிக்கும் இரவில் ஆக்டிவ் பையன்கள் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் பின்வரிசையில் பியர் குடித்துக்கொண்டிருந்தேன். என் விமானமும் ஊரும் பயிற்சிக்குக் கிளம்பும் முன்பே முடிவானவை.

இன்னொன்று, "மாதம் ஒரு வார இறுதி" என்ற விளம்பரத்தை நம்பாதே. விமானிக்கு அது போதாது. பறக்கும் தகுதியைத் தக்கவைக்கவே மாதத்தில் ஆறேழு நாளாவது போக வேண்டியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
பெரியவர் பந்தியில் பாயசத்தை மட்டும் பரிமாறிவிட்டுப் போகிறார். மிச்சத்தை நான் வைக்கிறேன்.

ஒரு யூனிட் வருடத்துக்கு எடுப்பது பெரும்பாலும் ஒருவர், இருவர். தெருவிலிருந்து வரும் ஆளுக்கு அதில் எத்தனை இடம்? யூனிட்டிலேயே மெக்கானிக்காகவும், எரிபொருள் குழாயை இயக்கும் பூம் ஆபரேட்டராகவும் இருக்கும் பையன்கள் முதலில் வரிசையில் நிற்பார்கள். நான் பதினொரு யூனிட்டுக்கு அனுப்பினேன். மூன்று நேர்காணல். விமான டிக்கெட், ஓட்டல், வாடகைக் கார் எல்லாம் என் காசு. ஒரு யூனிட் ஏழு மாதம் கழித்து "வேண்டாம்" என்றது. இன்னொன்று இன்று வரை பதிலே சொல்லவில்லை. இப்படியே 29 வயது 31 ஆனது. பயிற்சியை 33 வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். கடைசியில் ஆக்டிவுக்கு விண்ணப்பித்தேன், முதல் முறையே கிடைத்தது. இரண்டு வருடத்தைக் கார்டுக்காகத் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உனக்கு வேண்டியது பறப்பதா, ஒஹாயோவில் இருப்பதா? முதலில் அதை முடிவு செய்.

கரிசல் காகம்:
இரண்டும் வேண்டும் என்பதால்தானே சார் கேட்கிறேன்!

ரன்வே 27:
நான் ரிசர்வ் யூனிட் ஒன்றில் தேர்வாகி, இப்போது சி-17 சரக்கு விமானப் பயிற்சிக்காக ஓக்லஹோமாவின் ஆல்டஸில் இருக்கிறேன். கணக்குப்பிள்ளை சாரின் கசப்பு புரிகிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பதினொன்றில் எத்தனை யூனிட்டுக்கு நேர்காணலுக்கு முன்பே நேரில் போய் வந்தீர்கள்?

கணக்குப்பிள்ளை:
ஒன்றுக்கும் இல்லை. மதிப்பெண் நன்றாகவே இருந்தது. பிசிஎஸ்எம் 91. எதற்குப் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டும்?

ரன்வே 27:
அங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறோம். எல்கேஜியிலிருந்து நமக்குத் தெரிந்தது ஒரே வழி: பரீட்சை எழுது, மார்க் வாங்கு, கதவு திறக்கும். யூனிட்டின் போர்டு, அதாவது தேர்வுக் குழு, அப்படி யோசிப்பதில்லை. ஏஎஃப்ஓக்யூடி எழுத்துத் தேர்வு, ஜாய்ஸ்டிக்கையும் பெடலையும் வைத்துச் செய்யும் டிபாஸ் சோதனை, பறந்த மணிக்கணக்கு, இந்த மூன்றையும் கலந்து வருவதுதான் 1 முதல் 99 வரையான பிசிஎஸ்எம் எண். அது உங்கள் காகிதத்தைக் குப்பைத்தொட்டிக்குப் போகாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அவர்கள் பார்ப்பது வேறு. இந்த ஆளோடு அடுத்த இருபது வருடம் ஒரே காக்பிட்டில், ஒரே கூடாரத்தில், பதினான்கு மணி நேரப் பயணத்தில் குப்பை கொட்ட முடியுமா?

யோசித்துப் பாருங்கள், மார்க் ஷீட்டை மட்டும் பார்த்து யாராவது சம்பந்தம் பேசி முடிப்பார்களா? வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசிய பிறகுதானே முடிவாகிறது. "ரஷ்" செய்வது என்று இங்கே சொல்வதும் அதைத்தான். வேலைக்கு எடுக்கும் அதிகாரிக்கு எழுதி அனுமதி வாங்கி, யூனிட் ஆட்கள் பயிற்சிக்குக் கூடும் டிரில் வார இறுதியில் போய், ஸ்க்வாட்ரனில் நாள் முழுக்க உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. நான் என் யூனிட்டுக்கு நான்கு முறை போனேன். மூன்றாவது முறை வரவேற்பு மேசையில் இருந்த சார்ஜென்ட் என் பெயரைச் சரியாக உச்சரித்தார். நம் பெயர்களின் நீளத்துக்கு அது சாதாரண விஷயமா?

கணக்குப்பிள்ளை:
அழகாகச் சொன்னீர்கள். இதே விஷயத்தை அழகில்லாமல் சொன்னால், "ஆள் தெரிந்தால் வேலை". ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1968-ல் டெக்சஸ் கார்டில் விமானப் பயிற்சிக்குச் சேர்ந்தார். வியட்நாம் காலம், கார்டில் சேர நீண்ட வரிசை நின்றது. அப்பாவின் செல்வாக்கில் வரிசையைத் தாண்டினாரா என்ற சண்டை 2004 தேர்தல் வரை ஓடியது. ஆக்டிவ் போர்டில் என் முகம் யாருக்கும் தெரியாது. அங்கே என் பெயர் வெறும் ஃபைல். தம்பியைப் போல் கோவில்பட்டியில் பிறந்தவனுக்கு அதுதான் பாதுகாப்பு. யாரோ பத்துப் பேர் "இவன் நம்மில் ஒருவன்" என்று நினைத்தால்தான் வேலை என்றால், நினைக்காமல் போவதற்கு அவர்கள் காரணமே சொல்ல வேண்டியதில்லை.

பழைய டேங்கர்:
இதில் உண்மை இருக்கிறது. நான் சேர்ந்தபோது ஸ்க்வாட்ரனில் என் நிறத்தில் வேறு யாரும் இல்லை. முதல் வருடம் என்னை யாரும் கெடுக்கவில்லை, யாரும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. மறுக்க மாட்டேன். ஆனால் ஃபைலாக இருப்பதற்கும் விலை உண்டு கணக்கு. ஃபைலுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் மாற்றுவார்கள். ஃபைலை ட்ரோன் ஓட்ட அனுப்புவார்கள்.

கணக்குப்பிள்ளை:
ட்ரோனா? நீங்களே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள். வட டகோடாவின் ஃபார்கோவில் இருக்கும் கார்டு யூனிட் பல பத்தாண்டுகள் போர் விமானம் பறந்த யூனிட். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் அன்று வர்ஜீனியாவின் லாங்லி தளத்திலிருந்து கிளம்பிய எஃப்-16 போர் விமானங்களும் அவர்களுடையவைதான். 2007-ல் அந்த எஃப்-16 எல்லாம் போய்விட்டன, கைக்கு வந்தது பிரெடேட்டர் ட்ரோன். மேரிலாந்து கார்டில் 2025-ல் ஏ-10 தாக்குதல் விமானங்களை எடுத்துவிட்டு அந்தப் பிரிவை சைபர் வேலைக்குத் திருப்பினார்கள். "என் விமானம், என் ஊர்" என்று நம்பிப் போனவர்கள் விமானத்தைத் துரத்தினால் ஊரை விட வேண்டும், ஊரைப் பிடித்தால் விமானத்தை விட வேண்டும். சிறகு வாங்கிய நாளிலிருந்து பத்து வருடக் கடமை கார்டிலும் உண்டு. பத்து வருடத்தில் பென்டகன் எத்தனை முறை மனம் மாறும்?

டாலஸ் தாமரை:
நடுவில் ஒரு சந்தேகம். கிரீன் கார்டு இருந்தால் போதுமா? என் தம்பிக்காகக் கேட்கிறேன்.

ரன்வே 27:
போதாது. கிரீன் கார்டில் சாதாரணப் படைவீரராகச் சேரலாம், அதிகாரி ஆக முடியாது. ஏர் ஃபோர்ஸ் விமானி அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும். பட்டப்படிப்பும் கட்டாயம். பட்டம் இல்லாதவர்களுக்கு ஆர்மி நேஷனல் கார்டில் வாரண்ட் ஆபிசராக ஹெலிகாப்டர் ஓட்டும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கும் குடியுரிமை வேண்டும்.

தாம்பரம் மெயில்:
ஊரிலிருந்து ஒரு பெருமூச்சு. இங்கே எஸ்எஸ்பி என்ற அதிகாரித் தேர்வில் விமானிக்கான கணினிச் சோதனை இருக்கிறது. அதில் ஒரு முறை தோற்றால் வாழ்நாளுக்கும் இந்திய விமானப்படையில் விமானி ஆக முடியாது. என் கதை அங்கேயே முடிந்தது. நீங்கள் டிபாஸை மறுபடியும் எழுதலாம், பிடிக்காவிட்டால் அடுத்த மாநில யூனிட்டுக்குப் போகலாம். அதற்கும் இவ்வளவு சண்டையா? 1952-ல் ரிசர்வ், ஆக்ஸிலரி விமானப்படைச் சட்டம் போட்டு, வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில் பறக்கும் படைப்பிரிவுகளை இந்தியாவும் நடத்தியது. சென்னையிலும் ஒன்று இருந்தது. இப்போது இருந்தால் நான் வாசலில் பாய் விரித்துப் படுத்திருப்பேன்.

சின்சினாட்டி அம்மா:
எல்லோரும் விமானத்தையே பேசுகிறீர்கள். கார்டு என்றால் உள்ளூரில் வெள்ளம் வந்தால் போவார்கள் என்றுதானே நினைத்தேன். போருக்கும் அனுப்புவார்களா?

பழைய டேங்கர்:
அனுப்புவார்கள் அம்மா. மாநில ஆளுநரும் கூப்பிடலாம், ஜனாதிபதியும் கூப்பிடலாம். டேங்கர் என்றால் எந்தச் சண்டையிலும் முதலில் கூப்பிடுவார்கள், எரிபொருள் இல்லாமல் யாரும் பறக்க முடியாதே. இப்போது செனட்டராக இருக்கும் டாமி டக்வொர்த் இலினாய் ஆர்மி கார்டின் ஹெலிகாப்டர் விமானி. 2004-ல் ஈராக்கில் சுடப்பட்டு இரண்டு கால்களையும் இழந்தார். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்காவது விமானத்தைத் தடுக்க வாஷிங்டன் அருகே ஆண்ட்ரூஸ் தளத்திலிருந்து கிளம்பிய இரண்டு எஃப்-16 விமானங்களையும் ஓட்டியவர்கள் கார்டு விமானிகள். ஒருவர் ஹெதர் பென்னி. ஏவுகணை ஏற்ற நேரமில்லை. மோதித்தான் வீழ்த்த வேண்டும் என்று தெரிந்தே கிளம்பினார்கள். இதையெல்லாம் "பார்ட் டைம்" என்று சிரித்த அந்த நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. நான் கேட்பது ஒரே விஷயம்: ஏன் ஒரே கூடையில் எல்லா முட்டையும்? இன்னொரு வலியையும் சொல்லிவிடுகிறேன். டேட்டனில் ரைட்-பேட்டர்சன் தளத்தில் நடக்கும் விமானி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவதே யூனிட் தேர்ந்தெடுத்த பிறகுதான். 13 வயதுக்கு மேல் ஆஸ்துமா, இப்படி ஏதாவது வந்தால் விலக்கு கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என்னோடு நேர்காணலுக்கு வந்த ஒருவர் தேர்வாகி, வேலையை விட்டு, அப்புறம் கண்ணில் தோற்றார். அதனால் தம்பி, ஆக்டிவுக்கும் சேர்த்தே விண்ணப்பி. எங்கேயும் உறுதிமொழி எடுக்கும் வரை இரண்டு பக்கமும் கதவு திறந்துதான் இருக்கும். வேலையை மட்டும் தேதி கையில் வரும் வரை விடாதே.

ரன்வே 27:
ஒப்புக்கொள்கிறேன். 1994-ல் வந்த யூசெரா சட்டப்படி பயிற்சி முடிந்து வந்தாலும் உன் வேலையைத் திருப்பித் தர வேண்டும். மேனேஜரின் பழைய முகத்தைத் திருப்பித் தராது, அது வேறு. கிட்டத்தட்ட இரண்டு வருடம் முழு நேரமாகப் போய்விடும்.

74 மணி நேரம் போதும், மேலும் பறக்கக் காசைக் கரைக்காதே. முன்பு 200 மணி நேரம் வரை பிசிஎஸ்எம் ஏறும், இப்போது 60 தாண்டினால் அந்த எண் அசையாது. அந்தக் காசில் யூனிட்டுக்குப் போய் வா. போகும்போது டோனட் பெட்டி வாங்கிப் போ, இரண்டு பெட்டியாக. ஒன்று விமானிகளுக்கு, ஒன்று விமானத்தைப் பராமரிப்பவர்களுக்கு. இரண்டாவதை மறந்தவர்களைப் பற்றி எங்கள் யூனிட்டில் கதையே இருக்கிறது.

அப்புறம், பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்எஃப்-86 படிவத்துக்கு இப்போதே தகவல் சேர். இந்தியாவில் நெருங்கிப் பழகும் உறவினர்கள் எல்லோருடைய பிறந்த தேதியும், முகவரியும் கேட்பார்கள். எனக்கு அதற்கே ஒரு மாதம் ஆனது.

கரிசல் காகம்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். டிரில் சனிக்கிழமை போய் வந்தேன். டோனட் இரண்டு பெட்டி. பராமரிப்புக் கூடத்தில் ஒரு மாஸ்டர் சார்ஜென்ட், 1960-களில் செய்த கேசி-135-இன் வயிற்றுக்கு அடியில் என்னைக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் காட்டினார். விமானிகளிடம் பேசியதைவிட அவரிடம்தான் அதிகம் பேசினேன். ஒரு மேஜர் என் லாக்புக்கைப் பார்த்துவிட்டு, எந்த லேண்டிங் மோசமாக இருந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சிரித்தார். நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
நல்லது. ஆக்டிவுக்கான விண்ணப்பக் கட்டு?

கரிசல் காகம்:
ரெக்ரூட்டரிடம் கொடுத்துவிட்டேன் சார். யூனிட்டின் அடுத்த போர்டு ஆறு வாரத்தில்.

சின்சினாட்டி அம்மா:
வீட்டில் சொல்லியாயிற்றா?

கரிசல் காகம்:
சொல்லவில்லை. ஆனால் அந்த எஸ்எஃப்-86-க்காகக் கோவில்பட்டி மாமாவின் பிறந்த தேதியை அம்மாவிடம் கேட்டேன். எதற்கு என்றாள், மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் பேசவில்லை. நேற்று அவளே கூப்பிட்டு, மாமாவுக்குப் பூராடம், ஆடி மாதம் பிறந்தவர், தேதி யாருக்கும் தெரியாது என்றாள். ரன்வே அக்கா, படிவத்தில் நட்சத்திரம் எழுத இடம் இருக்கிறதா?